பன்னிரண்டு நல்ல வயிறுகள்

விதைப்பணம் என்று அதற்குப் பெயர் வைத்தவன் வாழ்நாளில் ஒரு விதையையும் மண்ணில் போட்டிருக்க மாட்டான். விதைத்தால்தான் முளைக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் குடல் நோய் ஆராய்ச்சியைத் தொடங்க விதைப்பணம் தருகிற அறக்கட்டளையின் விண்ணப்பத்தில், நான்காம் பக்கத்தில், இதுவரை முளைத்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு ஒரு பெரிய கட்டம் இருந்தது. முளைத்திருந்தால் உன் வாசலில் நான் ஏன் வந்து நிற்கிறேன் என்று வாண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்து எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். திட்டிவிட்டு அதை நிரப்பவும் செய்தாள். நிரப்பியதில்தான் வினை வந்தது.

வாண்டு என்பது வீட்டில் வைத்த பெயர். முப்பத்தாறு வயதாகி, முனைவர் பட்டம் வாங்கி, முன்நெற்றியில் நாலு நரையும் விழுந்த பிறகும் அவளுடைய அண்ணன் அந்தப் பெயரை விடவில்லை. அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டி நிறையப் பயணிகள் இருக்கும்போதும் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "வாண்டு, படியை விட்டு மேலே ஏறு" என்று கத்துகிற ஆள்.

அவள் செய்கிற வேலையை வெளியில் சொன்னால் கேட்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மனிதர்களின் மலத்தை வாங்கி, கரைத்து, வடிகட்டி, அதில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்ப்பதுதான் வேலை. பட்டை வெள்ளையாகவே இருந்தால் குடல் நன்றாக இருக்கிறது. நீலமானால் குடலின் உட்சுவர் புண்ணாகத் தொடங்கியிருக்கிறது. வலியும் ரத்தப்போக்கும் வந்து ஆள் மருத்துவமனைக்கு ஓடுகிற நேரத்தில் புண் நீளமாகப் பரவியிருக்கும். அதற்குப் பல மாதங்கள் முன்பே, ஆளுக்கே தெரியாத காலத்திலேயே, பட்டை சொல்லிவிடும் என்பது வாண்டுவின் எண்ணம். எண்ணம்தான். நான்கு வருடமாக அது எண்ணமாகவே இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கென்று இருந்தது ஒரு மேஜையும், பாதிக் குளிர்பெட்டியும். இந்த மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் அந்த மேஜை கல்லீரல்காரர்களுக்குப் போய்விடும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பக்கத்து அறையில் கல்லீரலை ஆராய்கிற இருவர் ஏற்கெனவே ஒரு நாள் அளவுநாடாவோடு வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க, சும்மா அளந்து வெச்சுக்கறோம்" என்று நீளம் பார்த்துவிட்டுப் போனார்கள். உயிரோடு இருக்கிற ஆளுக்குச் சவப்பெட்டி அளவு எடுத்த மாதிரிதான் இருந்தது அவளுக்கு.

அந்தக் கட்டத்தை நிரப்ப அவளுக்குப் பன்னிரண்டு நோயாளிகளும் நோயில்லாத பன்னிரண்டு பேரும் வேண்டியிருந்தார்கள். கூடத்துப் பேச்சில் முன்னவர்கள் கெட்ட வயிறு, பின்னவர்கள் நல்ல வயிறு. கெட்ட வயிறுகளை மருத்துவமனையில் இருந்த குடல் டாக்டர் தாராளமாகக் கொடுத்தார். நல்ல வயிறுதான் கிடைக்கவில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லாதவனிடம் போய், காலையில் போவதைக் கொஞ்சம் டப்பியில் போட்டுக் கொடு என்று கேட்டால் அவன் நம்மைத்தான் டாக்டரிடம் அனுப்புவான். காவலாளியைக் கேட்டாள், நூலகத்து அம்மாவைக் கேட்டாள், தன்னுடைய பல் டாக்டரைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் அண்ணனைக் கேட்டாள்.

அண்ணனுடையது கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு. கெட்டுப்போன பாலைக் குடித்துவிட்டு, "கொஞ்சம் புளிப்பா இருந்துச்சு" என்று வாயைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனவன். "இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு தயங்கினே?" என்று மறுநாளே கொடுத்தான். குளிர்ப்பையில் வைத்து அவன் ஓட்டிய பேருந்திலேயே மடியில் அணைத்தபடி அவள் கொண்டுவந்தாள். வழி நெடுகக் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். எந்த டப்பி யாருடையது என்று ஆராய்கிறவளுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் கூடத்துச் செவிலி அவள் கண் முன்னாலேயே அந்த டப்பியில் ஏழு என்று எண்ணை ஒட்டினாள்.

ஏழாம் எண் நீலமானது.

வேறு எந்த எண் அப்படிச் சொல்லியிருந்தாலும் வாண்டு மூன்று முறை சோதித்திருப்பாள். பூட்டிய கதவை இரண்டு தெரு தாண்டித் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம் அவள். ஆனால் இது அண்ணன் வயிறு. "ஒண்ணு ரெண்டு இப்படி வரத்தான் செய்யும். பட்டை ஈரம் வாங்கியிருக்கும். எடுத்துப் போட்டுட்டு வேற ஒண்ணை வை" என்றார் பேராசிரியர். அவளும் சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டாள். முதலில் மாட்டேன் என்ற நூலகத்து அம்மாவைக் கெஞ்சி வாங்கியது ஏழாம் எண்ணின் இடத்துக்கு வந்தது. அந்தக் கட்டத்துக்காக அவள் போட்ட படத்தில் ஒரு பக்கம் பன்னிரண்டு வெள்ளை, எதிர்ப்பக்கம் பன்னிரண்டு நீலம். அப்பழுக்கில்லாத படம். அதைப் பார்த்துத்தான் அறக்கட்டளை அவளை நேர்காணலுக்கு அழைத்தது.

நேர்காணல் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணியின் கறுப்புச் செருப்பை இரவல் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனாள். அண்ணன் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். இடுப்பு பெல்ட்டில் கடைசி ஓட்டைக்கும் அப்பால், ஆணியால் குத்திய கோணல் ஓட்டை ஒன்று இருந்தது. அதற்கும் அப்பால் இன்னொன்று.

"என்னண்ணா, பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை?"

"உடம்பைக் குறைக்கிறேன். வயசாகுதில்ல?"

"குறைக்கிறாராம்!" என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ரெண்டு வாய் சாப்பிட்டதும் எழுந்து ஓடுறார். இவர் வண்டி போற வழியில எந்தெந்த மூலையில கக்கூஸ் இருக்குன்னு இப்ப அத்துப்படி. போன வாரம் அத்தனை பேரையும் உட்கார வெச்சுட்டு பெட்ரோல் பங்க்ல இறங்கி ஓடியிருக்கார்."

"ஒரு அம்மா மட்டும் கடிகாரத்தைக் காட்டித் திட்டுச்சு. மத்தவங்க எல்லாம் நல்ல ஜனங்க" என்று அண்ணன் சிரித்தான்.

வாண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பில் கன்னம் குழி விழுந்திருந்தது. அவனுக்குக் கன்னத்தில் குழி விழுகிற வழக்கமே இல்லை. "ரத்தம் போகுதா?" என்று கேட்டாள். அவன் சட்டையை மடித்தான். மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தான். அண்ணி ஈரக்கையோடு வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"குழாய் விட்டுப் பார்க்கணும்ணா. இந்த வாரமே."

"பின்பக்கமா கேமராவா? முன்பக்கம் போட்டோ எடுத்தாலே நான் நல்லா விழ மாட்டேன். போடி."

"அண்ணா, உன் பட்டை நீலமாச்சு."

"எப்ப?"

"அஞ்சு மாசம் முன்னாடி."

அண்ணிதான் முதலில் பேசினாள். "அஞ்சு மாசமா வாயைத் தெச்சு வெச்சிருந்தியா?"

"நம்பலை அண்ணி. சத்தியமா நம்பலை. அண்ணன் வயிறாச்சே, இதுக்கு என்ன வரப்போகுதுன்னு பட்டையைத்தான் சந்தேகப்பட்டேன்."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "வேற யாராவது வயிறா இருந்தா நம்பியிருப்பியா?" என்று கேட்டான்.

ஊர் பேர் தெரியாத ஒருவனாக இருந்திருந்தால் மூன்று முறை சோதித்து, குடல் டாக்டரிடம் ஓடி, அந்த ஆளைத் தேடிப் பிடித்து மேஜையில் படுக்க வைத்திருப்பாள். கூடப் பிறந்தவன் என்பதால் குப்பையில் போட்டாள். வாண்டு செருப்பை வாங்கிக்கொள்ளாமலே எழுந்தாள். அண்ணிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைப் பையில் திணித்தாள்.

குடல் டாக்டர் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி என்று நேரம் கொடுத்தார். நேர்காணலும் அதே பதினொரு மணிக்கு. நேர்காணலை விட்டுவிடுகிறேன் என்று போனில் சொன்னபோது அண்ணன் கத்தினான். "நீ வந்து என்ன பண்ணப் போறே? கேமராவைப் பிடிக்கப் போறியா? உங்க அண்ணி இருக்கா, போதும். ஒழுங்கா உன் வேலையைப் பாரு."

புதனும் வியாழனும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேஜையைத் துடைத்தாள், துடைத்த மேஜையை மறுபடியும் துடைத்தாள். பேராசிரியரிடம் போய், ஏழாம் எண்ணைப் படத்தில் திரும்பச் சேர்க்கப் போகிறேன் என்றாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அனுப்பின படத்தை மாத்தினா நம்ம மேலேயே சந்தேகம் வரும். கேட்டா சொல்லு. கேட்கலைன்னா சும்மா இரு. உன் அண்ணன் விஷயம் தனி, இது தனி" என்றார். தனித்தனியாகத்தான் வைத்துப் பார்த்தாள். இரண்டு எட்டு நடப்பதற்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

வெள்ளிக்கிழமை அறக்கட்டளைக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவி, ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர். அவருக்கு வலப்பக்கம் புள்ளிவிவரம் பார்க்கிறவர், எலும்பும் தோலுமான ஆள். மூன்றாமவர் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை, அவரை விட்டுவிடலாம். சுவரில் வாண்டுவின் படம் பெரிதாக விழுந்திருந்தது.

"அழகான படம்" என்றார் தலைவி. "நாற்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமான படத்தை நான் பார்த்ததில்லை. எங்களுக்கு உங்க மேல நல்ல அபிப்பிராயம்."

இத்தோடு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் பணம் கைக்கு வந்தது போலத்தான். பேராசிரியர் சொன்னது காதில் கேட்டது. சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. இந்நேரம் அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்திருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"மேடம், அதுல ஒரு நல்ல வயிறு நீலமாச்சு. நான் எடுத்துட்டேன். அந்த இடத்துல வேற ஒருத்தரோடதை வெச்சேன்."

புள்ளிவிவரக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் எடுத்தீங்க?"

"என் அண்ணனோடது அது. அவருக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சேன்."

"அப்போ எந்த நம்பர் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும் சார்."

"அது ரெண்டாவது தப்பு."

"ஆமா சார்."

தலைவி பேனாவை மூடினார். "அண்ணன் எப்படி இருக்கார்?"

"இளைச்சுட்டார். ரத்தம் போகுது. இப்போ, இதே நேரத்துக்கு, குழாய் விட்டுப் பார்த்துக்கிட்டிருக்காங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவி யோசித்து யோசித்துப் பேசினார். "நீங்க செஞ்சது தப்பு. அது எங்க குறிப்புல ஏறும், அதுல மாத்தம் இல்லை. ஆனா பட்டையைப் பத்திப் பேசுவோம். உங்க அண்ணனுக்கு ஒண்ணும் இல்லைன்னா உங்க பட்டை நல்லவனைக் கெட்டவன்னு சொல்லுது. அதுக்கு நாங்க விதை போட முடியாது. அவருக்கு இருக்குன்னா, அஞ்சு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கு. அது வேற கதை. ஒரு மணிக்குப் பணம் யாருக்குங்கற பட்டியலை முடிக்கணும். வெளியில இருங்க. உங்க அண்ணன் சம்மதிச்சா, சேதி வந்ததும் கதவைத் தட்டுங்க."

"ஒரே ஒரு ஆளை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது" என்றார் புள்ளிவிவரக்காரர்.

"நிரூபிக்கிறதுக்கு இல்லை சார். விதைக்குத்தானே?" என்றார் தலைவி.

வெளியே நீளமான நடைபாதை. அண்ணியின் செருப்பு அரை அளவு பெரிது. நடக்கும்போதெல்லாம் குதிகாலில் பட் பட்டென்று அடித்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினாள். போனைப் பார்த்தாள். பையில் போட்டாள். போட்ட கையோடு எடுத்தாள்.

அண்ணனுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள், ஒன்றும் இல்லாவிட்டால் எல்லாம் போயிற்று என்று இன்னொரு நினைப்பு கிளம்பியது. மேஜை போகும். நான்கு வருடம் போகும். பட்டை வெறும் காகிதமாகும். கல்லீரல்காரர்கள் திங்கட்கிழமை காலையிலேயே வந்து நிற்பார்கள். இரு பக்கமும் எரிகிற கொள்ளியின் நடுவில் எறும்பு மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் ஓடும்? இவளும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் பேரம் பேச ஆரம்பித்தாள். யாரிடம் பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கொஞ்சமாக இருக்கட்டும் என்றாள். சின்னதாக, நகத்தளவு ஒரு புண். மாத்திரையில் ஆறுகிற மாதிரி. படத்தில் தெரிந்தால் போதும், அண்ணனுக்கு வலிக்க வேண்டாம். கத்திரிக்காய் வாங்குகிறவள் மாதிரி அதைப் பொறுக்கி இதைத் தள்ளிக் கூடப் பிறந்தவனுக்கு நோய் வாங்கிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறோம் என்று உறைத்தபோது, நடைபாதையில் யாரும் இல்லாவிட்டாலும், கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. அண்ணி.

"இருக்காம்" என்றாள் அண்ணி.

வாண்டுவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு நொடிதான். ஒரு நொடிகூட இருக்காது. ஆனால் துக்கத்துக்கு முன்னால் அதுதான் ஓடி வந்தது. பட்டை பொய் சொல்லவில்லை, நான் நினைத்தது சரி என்று உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பாய்ந்தது. பிறகுதான் அண்ணி அழுவது காதில் விழுந்தது. நல்லவேளை, போனில் முகம் தெரியாது.

குடல் டாக்டர் போனை வாங்கிப் பேசினார். "புண் ஒரு முழத்துக்கு ஓடியிருக்கும்மா. ஒரு இடத்துல குடல் சுருங்கிப் போச்சு. அந்தத் துண்டை எடுக்க வேண்டி வரும்னு நினைக்கிறேன். நாலஞ்சு மாசம் முன்னாடி பார்த்திருந்தா மாத்திரையிலேயே பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணும் இல்லை. ஆனா கொஞ்ச காலத்துக்கு வண்டி ஓட்ட முடியாது."

நாலஞ்சு மாசம் முன்னாடி பார்த்திருந்தா. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். யாரையும் குத்திச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் நான்கு வருடம் பாடுபட்டாள். அவளுடைய பட்டையால் என்ன பயன் என்று கேட்கிற எவருக்கும் இதைவிட நல்ல பதில் உலகத்தில் இல்லை. அதை நிரூபித்துக் காட்ட அவள் அண்ணனுடைய குடலில் ஒரு முழத்தைக் கொடுத்திருந்தாள்.

"வாண்டு..." இப்போது அண்ணன். மயக்க மருந்தின் மிச்சத்தில் நாக்கு குழறியது. "கேட்டியா? கல்லைக் கரைக்கிற வயிறாம்! நல்லாக் கரைச்சுது."

"அண்ணா, நான்தான்ணா..."

"சும்மா இரு. அப்போ உன் பட்டை சொன்னது சரிதானே?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரிதானேடி? சொல்லு."

"சரிதான்ணா."

"அப்போ இங்க என்ன பேச்சு? உள்ள போய் என் பேரைச் சொல்லியே கேளு. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அடுத்தவனுக்காவது மாத்திரையில முடியட்டும். போ."

வாண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள். உள்ளே மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டியல் தலைவியின் கை அருகே இருந்தது. அவளைப் பார்த்ததும் தலைவி கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னம்மா, நல்ல சேதியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "ஆமா மேடம்" என்று வந்துவிட்டது. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, அந்த மூன்று பேருக்கும் எதிரில், குனிந்து அழுதாள். புள்ளிவிவரக்காரர் எழுந்து வந்து தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.